வாகனப் பகுதி: முன் கண்ணாடி வெடித்தால்

கேள்வி: டிப்பரிலிருந்து தெறித்த கல் பட்டு என் வேனின் முன் கண்ணாடியில் சின்ன நட்சத்திரம் போல வெடித்தது. இப்போது அதிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கோடு ஓடியிருக்கிறது. சுப்பர் குளூ விட்டால் நிற்குமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: சுப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அது வெடிப்பின் வாயிலேயே இறுகி, உள்ளே காற்றை அடைத்துவிடும். பிறகு முறையாக ரெசின் (வெடிப்பை நிரப்பி இறுகும் பசைத் திரவம்) ஏற்றவும் வழியிருக்காது.

முன் கண்ணாடி என்பது இரண்டு தகடுகள். நடுவில் முக்கால் மில்லிமீற்றர் அளவில் ஒரு பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடுதான் வெடிக்கும். உட்பக்கத்தை நகத்தால் மெதுவாகக் கீறிப் பாருங்கள். அங்கேயும் தட்டுப்பட்டால் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். கோடு விளிம்பைத் தொட்டிருந்தாலும், சாரதியின் பார்வைக்கு நேரே இருந்தாலும் அப்படித்தான். எவ்வளவு நன்றாகத் திருத்தினாலும் மெல்லிய தழும்பு மிஞ்சும். இரவில் எதிரே வரும் லைட் அதில் பட்டுச் சிதறும். பனிமூட்டத்தில் வளைவு திரும்புகிறவருக்கு அது ஆபத்து.

மற்றபடி 25 மில்லிமீற்றருக்கு உட்பட்ட நட்சத்திரத்தையும், ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் வரையான கோட்டையும் திருத்தலாம். காற்றை உறிஞ்சி எடுத்து, ரெசினை அழுத்தி ஏற்றி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். உள்ளே ஈரமோ தூசியோ இருந்தால் ரெசின் பிடிக்காது. ஆகவே கல் பட்டவுடன் காய்ந்த துணியால் துடைத்து, மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள். மழை விடாத நம் பக்கத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கோடு ஓடுவதற்குக் குளிரும் ஒரு காரணம். விடியற்காலை வெளித்தகடு சில்லிட்டிருக்கும்போது ஹீட்டரை முழுதாகத் திருப்பினால் உட்தகடு மட்டும் விரியும். அந்த இழுவை முழுவதும் வெடிப்பின் நுனியில் வந்து விழும். முதலில் குறைந்த சூட்டில் காற்றை விடுங்கள். நுவரெலியாவில் ஜனவரி உறைபனிக்குச் சிலர் சுடுநீர் ஊற்றுகிறார்கள்; நல்ல கண்ணாடியே அதில் வெடித்துவிடும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் வாகனத்தின் பொடி (உடற்கூடு) முறுகுவதும் கோட்டை நீட்டும். திருத்தும்வரை மெதுவாக ஓட்டுங்கள்.

கேள்வி: புதுக் கண்ணாடி போட்டபின் மழைக்கு டேஷ்போர்டில் தண்ணீர் வடிகிறது. சிலிக்கன் பூசலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பூசாதீர்கள். சிலிக்கன் படிந்த இடத்தில் பிறகு கண்ணாடியைப் பிடித்துவைக்கும் பொலியூரத்தேன் பசை ஒட்டாது. கண்ணாடியைக் கழற்றி, சட்டத்தில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துருவின்மேல் இட்ட பசை துருவோடு உரிந்து வரும். பெரும்பாலான கசிவுக்கு அதுதான் காரணம். துருவைச் சுரண்டி, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, காயவிட வேண்டும். பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் விட்டுச் சீவி, அதன்மேல் புதுப் பசையை இடையில் அறுபடாமல் ஒரே கோடாக இழுக்க வேண்டும்.

குளிரில் இந்தப் பசை இறுக நேரமெடுக்கும். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசைக் குழாயிலோ அதனுடன் வரும் தாளிலோ இருக்கும், கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். கதவை அறைந்தால் உள்ளே அடைபடும் காற்று பசையைத் தள்ளிவிடும். பல வாகனங்களில் பக்கத்து இருக்கையின் எயார்பேக் விரியும்போது முன் கண்ணாடியில்தான் ஊன்றுகிறது. பசை பிடிக்காவிட்டால் கண்ணாடியே வெளியே போய்விடும்.

கேள்வி: பின் கண்ணாடி வெடிப்புக்கும் ரெசின் ஏற்றலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: முடியாது. அது பெரும்பாலும் ஒற்றைத் தகடாக, சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி. வெடித்தால் முழுவதும் நொறுங்கிக் கொட்டும். நீங்கள் பார்ப்பது மேல்கீறலாக இருக்கலாம். அது ஆழமாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.