நெதர்லாந்தை ஆண்ட எம்மா அரசி யார்? மகள் இருக்க, தாய் ஏன் ஆட்சி செய்தார்?

மகளுக்கு அப்போது வயது பத்துதான், அதனால்தான்.

எம்மா 1858-இல் ஜெர்மனியின் வால்டெக்-பிர்மோன்ட் என்ற சின்னஞ்சிறு சமஸ்தானத்தில் பிறந்தவர். 1879-இல் நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லியமுக்கு இரண்டாம் தாரமானார். மணமகளுக்கு 20 வயது, மணமகனுக்கு 61! மூத்த தாரத்தின் மூன்று மகன்களும் தந்தைக்கு முன்பே இறந்துபோனார்கள். மிஞ்சியது 1880-இல் எம்மாவுக்குப் பிறந்த ஒரே மகள் வில்ஹெல்மினா.

1890-இல் மன்னர் மறைந்ததும் மகள் அரசியானாள். அவளுக்கு 18 வயது நிரம்பும்வரை, அதாவது 1898 வரை, எம்மா ஆட்சிப் பொறுப்பைச் சுமந்தார். முன்கோபக்கார மன்னரால் அரண்மனையின் பெயர் கெட்டுப்போயிருந்தது. எம்மா மகளை மாகாணம் மாகாணமாக அழைத்துச் சென்று மக்கள் முன் நிறுத்தினார். முடியாட்சி அங்கே நிலைத்ததில் இவர் பங்கு மிகப் பெரியது என்பேன்.

அதுவரை நெதர்லாந்து மன்னரே ஆண்டுவந்த லக்சம்பர்க் மட்டும் கைவிட்டுப் போனது. அங்கே அப்போதைய வாரிசு விதிப்படி ஆண் வாரிசுக்கே முதலிடம். அதைப் பெற்ற அடால்ஃப் வேறு யாருமல்ல, எம்மாவின் தாய்மாமன் முறைதான். அப்புறம், எம்மாவின் தங்கை ஹெலெனா, இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டை மணந்தவர்.

எம்மா 1934-இல் காலமானார்.