இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தவர்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்காளர். காலை 8 மணிக்குக் கந்தோரில் இருப்பார், இரவு எட்டரைக்குத்தான் வெளிக்கிடுவார். சனிக்கிழமையும் ஒரு மணி வரை வேலை. "இன்னும் ஆறு மாசம்தான்" என்று போன வருஷமும் சொன்னார். அவர் வரும்போது மகள் நித்திரை. சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் போன். கேட்டால் சண்டை. போன கிழமை லிஃப்ட் பழுது. படியேறி வந்தவர் இரண்டாம் மாடியில் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். களைப்பு என்கிறார். நான் என்ன செய்ய?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, கடிதத்தின் கடைசியில் போட்டதை நான் முதலில் எடுக்கிறேன். மகள், போன், சண்டை எல்லாம் பிறகு. 41 வயது மனிதர் இரண்டு மாடி ஏறி நெஞ்சைத் தடவினால், அதைக் களைப்பு என்று முடிவுசெய்ய வேண்டியவர் டொக்டர். நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஈ.சி.ஜி., பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்க்கட்டும். அதற்கிடையில் நெஞ்சு நோவு திரும்ப வந்தால் ஓட்டோ தேடி நிற்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

நீங்கள் எழுதிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் கிழமைக்கு 62 தாண்டுகிறது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் சொன்ன கணக்கு இது: கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35–40 மணித்தியாலம் செய்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூட, இருதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூட. நித்திரை குறைகிறது, பிரஷர் ஏறுகிறது, இரவு பத்தரைக்குச் சோறு, நடை இல்லை. கணக்காளருக்கு இதை விளக்கத் தேவையில்லை, எண்களைக் காட்டினால் போதும்.

1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வைத்த அளவு கிழமைக்கு 45 மணித்தியாலம். மேலதிக வேலை 12ஐத் தாண்டக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போகச் சொல்ல மாட்டேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வேலை போய்விடுமோ என்ற பயம் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் கணவரின் கோபத்துக்குள்ளும் அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே இரவு பத்து மணிக்குச் சண்டை வேண்டாம். பசியோடு வந்தவர் காதில் எதுவும் ஏறாது. அடுத்த போயா விடுமுறை அன்று காலையில், தேத்தண்ணி குடிக்கும்போது கேளுங்கள். "வேலையை விடுங்கள்" என்று வேண்டாம். கிழமையில் இரண்டு நாள் ஆறு மணிக்கு வெளிக்கிட மேலதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்று அவரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். டொக்டரின் துண்டும் கையில் இருந்தால் பேச்சு இலகு.

மகளைப் பற்றி அவரிடம் குற்றம் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு நாளும் அவளை நித்திரையாக்குவது அவர் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள்.

ஈ.சி.ஜி. பார்த்ததும் எழுதுங்கள்.