ரிம்மில் உட்கார்ந்துவிட்டால் சரியான டயர் ஆகிவிடுமா?

கேள்வி: நாமக்கல் பக்கத்தில் இருக்கிறோம். 2015 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பக்க டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. வண்டியில் இருப்பது 165/80 ஆர்14. டயர் கடைக்காரர், "175/65 ஆர்14 ஸ்டாக் இருக்கு சார், இதுவும் பதினாலு இஞ்சுதான், அகலம் ஜாஸ்தி, விலையும் கம்மி" என்கிறார். மெக்கானிக் பிரேக் பேடும் மாற்றச் சொல்கிறார். கம்பெனி பேடின் பாதி விலைக்கு லோக்கல் பேட் கிடைக்கிறது. அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம். எதைப் போடுவது? வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த டயர் உங்கள் ரிம்மில் உட்காரும், காற்றும் நிற்கும், வண்டியும் ஓடும். ஆனால் ரிம்மில் உட்காருவது வேறு, வண்டிக்கு ஏற்றதாக இருப்பது வேறு. கடையில் நின்றபடியே ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது தெரிந்துவிடும்.

165/80 ஆர்14 என்பதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். எல்லாம் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் கிட்டத்தட்ட 620 மி.மீ. இதே கணக்கை 175/65 ஆர்14-க்குப் போடுங்கள்: 583 மி.மீ.தான் வரும். அகலம் கூடியது, உயரம் 37 மி.மீ. குறைந்துபோனது.

உயரம் குறைந்தால் என்ன? நான்கிலும் போட்டால் வண்டி தரையிலிருந்து 18 மி.மீ. இறங்கும், நம் ஊர் வேகத்தடைகளுக்கு அதுவே பெரிய விஷயம். வண்டி உண்மையில் 80-ல் போகும்போது ஸ்பீடோமீட்டர் 85 காட்டும், ஓடாத கிலோமீட்டரும் மீட்டரில் ஏறும். அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். முன்பக்கம் மட்டும் போட்டால் இன்னும் மோசம்: முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் அது நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது, அதற்கும் குழப்பம்.

அளவுக்குப் பக்கத்திலேயே 85டி, 82டி என்று ஒன்று எழுதியிருக்கும். நம் ஆட்கள் இதைப் பார்ப்பதே இல்லை. எண் அந்த டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, எழுத்து அதிகபட்ச வேகத்துக்கானது. டி (ஆங்கில T) என்றால் மணிக்கு 190 கி.மீ.; அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எடைதான் முக்கியம். 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ, 82 என்றால் 475 கிலோ. 165/80 ஆர்14 பெரும்பாலும் 85-ல் வரும், 175/65 ஆர்14 பெரும்பாலும் 82-ல் வரும். நான்கு டயரையும் கூட்டினால் 82-லும் 1900 கிலோ தாங்குமே, ஆள் சாமான் எல்லாம் சேர்த்தாலும் ஸ்விஃப்ட் அவ்வளவு வராதே என்று கேட்கலாம். சரிதான், உடனே வெடித்துவிடாது. ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை நான்கு சக்கரத்திலும் சமமாக நிற்பதில்லை, முன்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் கம்பெனி கொடுத்த குறியீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

அகலமான டயர்தான் வேண்டுமென்றால் 185/70 ஆர்14 என்று ஒரு அளவு இருக்கிறது. விட்டம் 5 மி.மீ.தான் குறையும், எடைக் குறியீடு 88. அதையும் நான்கு சக்கரத்திலும் சேர்த்துத்தான் போட வேண்டும். ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் குறையும். என்னைக் கேட்டால் உங்களுக்கு அது தேவையில்லை, பழைய அளவையே வாங்குங்கள். ஸ்டாக் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். கடையில் என்ன இருக்கிறது என்பது உங்கள் வண்டியின் பிரச்சினை இல்லை.

வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஒரு வருடத்துக்குள் இருந்தால் நல்லது. அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். வண்டியோடு வந்த ஸ்டெப்னி உள்ளேயே கிடக்கிறது என்றால் பட்டன் (தரையைத் தொடும் பள்ளமும் மேடுமான பகுதி) புதிதாகத் தெரியும், ஆனால் வயது பத்தைத் தாண்டியிருக்கும். ஓடாவிட்டாலும் ரப்பர் கெட்டிப்படும். அதை நம்பி மலை ஏறாதீர்கள்.

அடுத்தது, நிறையக் கடைகளில் தப்பாகச் செய்வது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்பக்கம் போக வேண்டும். நல்ல பட்டன் உள்ள பழைய பின் டயர்கள் முன்னால் வரட்டும். "இது முன்வீல் டிரைவ், புதுசு முன்னாடிதான்" என்று சண்டைக்கு வருவார்கள். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியின் பின்பாதி சுழன்றுவிடும். அதைச் சமாளிப்பது பழகிய டிரைவருக்கே கஷ்டம். பின் டயர்களும் தேய்மானக் கோட்டை நெருங்கிவிட்டால் நான்கையும் மாற்றிவிடுங்கள். பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே ஓடும் சின்ன ரப்பர் மேடுதான் அந்தக் கோடு, 1.6 மி.மீ. உயரம். சட்டப்படி அதுதான் எல்லை. மழைக்காலத்துக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது, 3 மி.மீ.க்கு வரும்போதே மாற்றுவது நல்லது.

காற்று எவ்வளவு என்பதற்கு டயரில் அச்சடித்த எண்ணைப் பார்க்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் ஓனர் மேனுவலில் பாருங்கள். டயர் சூடாவதற்கு முன்பு பிடிக்க வேண்டும். வெயிலில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப்போய், காற்று அதிகமாகக் காட்டுகிறதே என்று இறக்கி விடாதீர்கள்.

சரி, பிரேக் பேடுக்கு வருவோம். "கம்பெனி சாமான்", "லோக்கல் சாமான்" என்று இரண்டு வகைதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கார் கம்பெனிகள் பேடைத் தாங்களே செய்வதில்லை, வேறு நிறுவனங்களிடம் வாங்குகின்றன. அந்த நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் வெளிச்சந்தையில் விற்கின்றன. சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, ரானே எல்லாம் இந்த வகை. கார் கம்பெனி பெட்டியில் வருவதைவிட இவை பெரும்பாலும் விலை குறைவு. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் இந்த வழியில் குறையுங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், பாகத்தின் எண், தயாரித்த மாதம், எம்ஆர்பி எதுவும் ஒழுங்காக இல்லாத பேடைப் பாதி விலைக்கு அல்ல, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பேடின் தரம் நகரத்துக்குள் தெரியாது. நாற்பதில் போய் நிற்கும்போது எல்லாப் பேடும் பிடிக்கும். தொடர்ந்து இறங்கும்போது சூடேறினால்தான் மட்டமான பேட் பிடிப்பை இழக்கும். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் திரும்பி இறங்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது "ஸ்விஃப்ட் 2015" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் பெட்ரோலும் டீசலும் இருக்கின்றன, ஒவ்வொரு வகைக்கும் பாகம் மாறலாம். ஆர்சி புத்தகத்தில் 17 இலக்கச் சேசிஸ் எண் இருக்கும். அதை டீலரின் ஸ்பேர் கவுண்டரில் கொடுத்தால் உங்கள் வண்டிக்கான பாகத்தின் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். வேறு எங்கே வாங்கினாலும் அந்த எண்ணுக்கு நிகரானது கேளுங்கள். பேட் நான்கையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும். பேட் மாற்றும்போது டிஸ்க்கின் (பேட் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு) தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். பின்பக்க டிரம்மையும் கழற்றி, உள்ளே பேடின் வேலையைச் செய்யும் ஷூ எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் மலைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது: பிரேக் ஆயில். கைமாறிய வண்டிகளில் இதை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரி வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு 140 டிகிரி போதும் என்பதுதான் அதன் தர வரம்பு. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு ஆயிலுக்குப் போகும். ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் பெடல் அப்படியே உள்ளே போகும், வண்டி நிற்காது. பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அப்போது பயனில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். உங்கள் வண்டியின் கதை தெரியாததால் இப்போதே மாற்றுங்கள். எந்த ஆயில் என்பது பிரேக் ஆயில் டேங்க் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 என்று இருந்தால் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிகான், இவற்றோடு சேராது. மேலே டேங்கில் ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. நான்கு சக்கரத்திலும் ப்ளீடிங் செய்து பழையதை வெளியேற்ற வேண்டும்.

மற்றவை சட்டென்று பார்த்துவிடக் கூடியவை. பின்சீட்டு பெல்ட்டின் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும், வெளியே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பெல்ட்டையும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும். ஹெட்லைட்டில் முன்னாள் ஓனர் 100/90 வாட் பல்பு போட்டிருந்தால் கழற்றிவிட்டு 60/55 போடுங்கள்; கூடுதல் சூட்டில் ஹோல்டர் உருகும், எதிரே வருபவருக்கும் கண் தெரியாது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் கூலண்ட் ஊற்றச் சொல்லுங்கள்.

இந்த வேலையையெல்லாம் கிளம்புவதற்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். புதுப் பேட் டிஸ்க்கோடு ஒட்டிப் பழக இருநூறு, முந்நூறு கிலோமீட்டராவது சமதரையில் ஓட வேண்டும். அதுவரை முழுப் பிடிப்பு வராது. புது டயரும் முதல் நூறு கிலோமீட்டருக்குச் சற்று வழுக்கும். இரண்டு வாரம் முன்னதாகவே முடித்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். எந்தக் காரணத்துக்கும் நியூட்ரல் வேண்டாம்.