முன்பணம் வாங்கினால் ஊர் திரும்பும் உரிமை போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகில் உள்ள செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பங்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு தாங்களாகவே வந்தவர்கள் என்கிறார் உரிமையாளர். அங்கே பூட்டும் இல்லை, அடியும் இல்லை. ஆனால், உறவினர் சாவுக்குக்கூடக் கணவனும் மனைவியும் சேர்ந்து போக முடிவதில்லை. இதுவும் கொத்தடிமை முறைதானா? அரசு தலையிடுமா?
– வாசகி ஒருவர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: சாவு வீட்டுக்குச் சேர்ந்து போக முடியவில்லை என்ற அந்த ஒரு செய்தியே விசாரணையைத் தொடங்கப் போதுமானது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைத் தேடுவதில்லை. வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ, வேறு வேலை தேடும் உரிமையையோ இழந்து உழைப்பவர் கொத்தடிமைத் தொழிலாளிதான். அவரே கைநாட்டு வைத்திருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. கடனும் அத்துடன் தீர்ந்துவிடும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் சொல்லிவிட்டது.

கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடன் கொடுத்தவர் மீதுதான் வைத்திருக்கிறது. கணக்கு நோட்டு அவரிடம்தானே இருக்கிறது! வாரச் செலவுக்குக் கொடுத்ததும், பிள்ளையின் காய்ச்சலுக்குச் செலவானதும், மழையில் கரைந்த, இன்னும் சுடாத பச்சைக்கல்லும் அதில் கடனாக ஏறிக்கொண்டே போக, கல் அறுத்தவருக்குத் தம் பாக்கி எவ்வளவு என்பதே தெரியாமல் போகிறது. அந்தத் தொழிலாளியிடமே ஆதாரம் கேட்பது சட்டத்தைத் தலைகீழாக்குவதாகும். முதலாளியை எதிரில் நிறுத்திக்கொண்டு விசாரித்தால் "விருப்பப்பட்டுத்தான் இருக்கிறோம்" என்ற பதில்தான் வரும் என்பதால், குடும்பத்தைச் சூளையிலிருந்து அப்புறப்படுத்தித் தனியே விசாரிக்க வேண்டும் என்று புகாரிலேயே வலியுறுத்துங்கள்.

மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பின்னர் ஆண்களுக்கு 1 லட்சமும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சமும், கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சமும் உண்டு. ஆனால் முழுத் தொகையைக் குற்றவாளிக்குக் கிடைக்கும் தண்டனையோடு முடிச்சுப் போட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வழக்கு நீளும்போது, மனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் இல்லாத இருளர் பழங்குடிக் குடும்பம் அடுத்த முன்பணத்துக்கு மறுபடியும் கை நீட்ட நேர்கிறது. ஆகவே, அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.