அடிபட்ட தெருநாயைத் தூக்கி வந்துவிட்டேன், ஆபரேஷனுக்குப் பணம் திரட்டுவது எப்படி?

வண்டி மோதி பின்னங்கால் உடைந்த நாய், தனியார் கிளினிக்கில் அறுபதாயிரம் கேட்கிறார்கள், முகம் தெரியாதவர்களிடம் கேட்டால் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுப்பார்கள். ஆனால் அறுபதாயிரம் என்று வாயால் சொன்னால் கொடுக்க மாட்டார்கள். மருத்துவமனை லெட்டர்பேடில், நாயின் அடையாளம், என்ன உடைந்திருக்கிறது, என்ன செய்யப் போகிறார்கள், எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, முத்திரை வைத்த ஒரு எஸ்டிமேட் முதலில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை யாருக்கும் க்யூஆர் கோடு அனுப்ப வேண்டாம்.

அதைவிட முக்கியம், அந்தத் தொகை உண்மையிலேயே தேவையா என்று பார்ப்பது. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டு நிற்க வேண்டும், பக்கத்தில் யாராவது வளர்க்கும் ஜெர்மன் ஷெப்பர்டு உங்கள் நாயைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் செலவு தனியாரில் ஆகிறதில் ஒரு சிறு பகுதிதான்.

எங்கள் தெரு நாய் ராணியைத் தண்ணி லாரி தட்டியபோது முதலில் காட்டிய இடத்தில் இடுப்புக்கும் தொடைக்கும் சேர்த்து ஆபரேஷன் என்றார்கள். வேப்பேரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இடுப்பெலும்பு விரிசல் தானாகச் சேரும், ஓடவிடாமல் கூண்டில் வைத்தால் போதும், தொடை எலும்புக்கு மட்டும் பிளேட் வைக்க வேண்டும் என்றார். தொகை பாதிக்குக் கிட்டே இறங்கிவிட்டது. நாய்களுக்கு இடுப்பெலும்பு முறிவு பல நேரம் ஓய்விலேயே சேர்ந்துவிடும். எல்லாக் கேஸிலும் அப்படி இல்லை, அதனால்தான் இரண்டாவது டாக்டர்.

ரத்தப் பரிசோதனையையும் எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். தெருநாய் என்றால் உண்ணி, உண்ணி என்றால் உண்ணிக் காய்ச்சல். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இறங்கியிருந்தால் கத்தி வைக்கவே யோசிப்பார்கள், முதலில் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, அது வழக்கமாக 28 நாள். மாத்திரை பெரிய விலை இல்லை, ஆனால் ஆபரேஷன் தள்ளிப்போனால் இடையில் நாய் எங்கே தங்கும் என்பது செலவு.

இன்னொன்று, கேட்க மனசு வராத கேள்வி. பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு போனால், முதுகுத்தண்டு எப்படி இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். நாயின் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினால் நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்று டாக்டர் பார்ப்பார். காலை மட்டும் உதறுவது கணக்கில்லை. அந்த உணர்வே இல்லையென்றால் மறுபடி நடக்க வாய்ப்பு குறைவு. அப்படியான நாய்க்கும் பணம் திரட்டலாம், சக்கர வண்டி வைத்து நன்றாக வாழும் நாய்கள் இருக்கின்றன, ஆனால் ‘நடக்க வைப்போம்’ என்று எழுதித் திரட்டக் கூடாது.

சரி, பணம். மிலாப், கீட்டோ மாதிரி இணையத்தில் பணம் திரட்டும் தளங்களில் விலங்குகளுக்கும் பக்கம் திறக்கலாம். ஆவணம் கேட்பார்கள், சரிபார்ப்பார்கள், பணம் கைக்கு வர நேரம் பிடிக்கும், கட்டணம் எவ்வளவு என்று திறக்கும்போதே படித்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் தேவை என்றால் அதுதான் வழி. நாளைக்குள் முப்பதாயிரம் என்றால் உங்கள் தெருதான் வேகம். குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப், அந்த நாய்க்கு பிஸ்கட் போடும் டீக்கடை, காலையில் நடக்கப் போகிறவர்கள், இவர்கள் எல்லாருக்கும் அந்த நாயை முகம் தெரியும். ராணிக்கு முதலில் வந்த பணம் இஸ்திரிக்காரருடையது, நூறு ரூபாய்.

எழுதும்போது கண்ணீர் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: “நம்ம தெரு பிரவுன் நாய், பெண், தொடை எலும்பு உடைந்திருக்கிறது. எஸ்டிமேட் 34,000, படம் கீழே. இதுவரை வந்தது 12,500, மீதி 21,500. பணம் நேராக மருத்துவமனைக்கு, ஸ்கிரீன்ஷாட் மட்டும் எனக்கு அனுப்புங்கள்.” மீதி என்கிற அந்த எண்ணைத் தினமும் மாற்றுங்கள். எண் இறங்க இறங்கத்தான் ஆட்கள் கை நீட்டுகிறார்கள். ரத்தம் சொட்டும் படம் போட்டால் பாதிப் பேர் பார்க்காமலே தள்ளிவிட்டுப் போவார்கள், முகம் தெரிகிற படம் ஒன்று போடுங்கள்.

பணம் நேராக மருத்துவமனைக்கே போகட்டும் என்று சொல்ல நம்பிக்கை மட்டும் காரணமில்லை. உறவினர் அல்லாதவர்கள் தருவது ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தமும் உங்கள் வருமானமாகக் கணக்கில் வரும். பெரிய தொகை என்றால் ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். அப்புறம், ஐடி கம்பெனிக்காரர்கள் நன்கொடைக்கு வரிச்சலுகை வாங்க ரசீது கேட்பார்கள், 80ஜி ரசீது என்பார்கள், தனி ஆளாக நீங்கள் தர முடியாது. அந்தப் பதிவு உள்ள ஏதாவது விலங்கு நல அறக்கட்டளை உங்கள் நாயின் கேஸை ஏற்றுக்கொண்டால் அவர்கள் தரலாம். துபாயில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட் மச்சான் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பரின் பணம், அவர் மயிலாப்பூரில் பிறந்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும், அதை நன்கொடையாக வாங்க வேண்டாம்.

பலரும் விட்டுவிடுவது ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்கள். எலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், அதுவரை தெருவில் விட முடியாது. மொட்டை மாடியோ கார் நிறுத்துமிடமோ யாராவது கொடுத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங், தினக் கட்டணம். இதை முதல் வேண்டுகோளிலேயே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று ஒரு படம் போட்ட பிறகு வேண்டுகோள் வைத்தால் இதய எமோஜிதான் வரும்.

‘மனுஷனுக்கே சோறில்லை, நாய்க்கு ஆபரேஷனா’ என்று ஒருவராவது எழுதுவார். பதில் எழுதாதீர்கள். எங்கள் குரூப்பில் அப்படி எழுதிய அங்கிள் இரவில் தனியாக ஐந்நூறு அனுப்பினார், பெயரைப் போடாதே என்ற நிபந்தனையோடு.

தொகை சேர்ந்த அன்றே ‘போதும், நிறுத்துங்கள்’ என்று போட்டுவிட்டு பில்லைப் பகிருங்கள். நாய் பிழைக்காமல் போனாலும் பில்லைப் போட வேண்டும், அன்றுதான் கட்டாயம் போட வேண்டும். மிச்சம் இருந்தால் கொடுத்தவர்களைக் கேட்டுவிட்டு அதே நாயின் கருத்தடைக்கும் வெறிநாய்த் தடுப்பூசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கருத்தடையைக் கால் ஆபரேஷனோடு சேர்த்துச் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், முடிந்தால் மயக்க ஊசிச் செலவு ஒன்று மிச்சம்.