பள்ளி முடிந்து வீட்டிலேயே இருக்கும் மகனுக்குப் பொழுதுபோக்கு அவசியமா?

22 வயது மகனுக்கு அறிவுசார் குறைபாடு, சிறப்புப் பள்ளி முடிந்ததிலிருந்து டிவியே கதி, தொழிற்பயிற்சி ஒன்று போதாதா, விளையாட்டு, பாட்டு என்று வேறு அலைய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலையத்தான் வேண்டும். பள்ளி முடியும்போது பாடம் மட்டுமா முடிகிறது? கூடப் படித்தவர்கள், வண்டியில் போய்வருவது, பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர், எல்லாம் ஒரேயடியாகப் போய்விடுகிறது. அப்புறம் பிள்ளை உம்மென்று இருந்தால் 'அவன் சுபாவமே அப்படி' என்கிறோம். இவர்களுக்கும் மனச்சோர்வு வரும். பழியைக் குறைபாட்டின் மேல் போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விடுவது டாக்டர்களிடம்கூட நடக்கிறது.

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், அதாவது அறிவுசார் குறைபாட்டோடு வரும் ஒரு பிறவி நிலை. வண்ணம் தீட்டினாலும் மணி கோத்தாலும் அதற்குத் தெரப்பி என்று பெயர் வைத்து, விரல் பிடிமானம் கூடியதா, கவனம் கூடியதா என்று மதிப்பெண் போட ஆள் இருந்தது. நம் வீட்டில் யாராவது சீட்டு ஆடினால் விரல் பிடிமானத்துக்கா ஆடுகிறார்?

கடைசியில் அவனாகப் பிடித்துக்கொண்டது ஷட்டில். மாடி ஜன்னலிலிருந்து பக்கத்து மைதானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒரு மாலை ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அங்கே எல்லோரும் அவனுக்கு மெதுவாகத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். அடித்தாலும் கைதட்டல், விட்டாலும் கைதட்டல். அவன் மட்டையைக் கீழே வைத்துவிடுவான். ஒருவர் மட்டும் தயவு பார்க்காமல் ஸ்மாஷ் அடித்தார். பந்து இவன் தோளில் பட்டது. அன்று சிரித்தானே ஒரு சிரிப்பு! இப்போது அவர்தான் இவனுக்கு ஜோடி. சர்வீஸ் போடுமுன் கசங்கிய இறகுகளை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக நீவிவிடுவான். எதிர்ப்பக்கம் எவ்வளவு கத்தினாலும் சரி, அது முடியாமல் பந்து வராது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு விளையாட்டு நடத்தும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்காரர்கள் 'யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ்' என்று, குறைபாடு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே அணியில் ஆட விடுகிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். இதெல்லாம் ஆடம்பரம் என்று கிளம்புகிறவர்கள், 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவைப் படித்துவிட்டு வரலாம். பொழுதுபோக்கும் விளையாட்டும் அதில் உரிமையாகவே இருக்கின்றன.

'டிவி பார்த்தால் என்ன குற்றம்' என்றும் யாராவது வருவீர்கள். ஒரு குற்றமும் இல்லை, நானும்தான் பார்க்கிறேன். ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. 'உனக்கு என்ன வேணும்?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராமல் போகலாம். இரண்டு பொருளை எதிரில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். உங்கள் மகனுக்கும் டவுன் சிண்ட்ரோம் என்றால், ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங் போன்றவற்றில் விடுமுன் கழுத்தின் மேற்பகுதி மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை, வெறும் அக்கா.

அக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. 'அப்பா அம்மாவுக்குப் பிறகு இவனை நீதானே பார்த்துக்கணும்?' என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவர்களில் ஒருவராவது ஒரு சாயங்காலம் அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போனது உண்டா என்றால், கிடையாது. எனக்கு ஒரு அண்ணனும் இருக்கிறான். அவனிடம் யாரும் இதைக் கேட்பதில்லை.