பயிர் நோய்ப் பூஞ்சைகளும் அவற்றின் பெயர்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நெல்லின் பழுப்புப் புள்ளி நோய்க்குக் காரணமான பூஞ்சையை ஒரு பாடநூல் ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே என்கிறது, இன்னொன்று டிரெக்ஸ்லெரா ஒரைசே என்கிறது, மூன்றாவதில் காக்லியோபோலஸ் மியாபியானஸ் என்று இருக்கிறது, ஆய்வுக் கட்டுரைகளிலோ பைபோலாரிஸ் ஒரைசே. எதை எழுதுவது?

பதில்: பைபோலாரிஸ் ஒரைசே என்றே எழுதுங்கள். நான்கும் ஒரே பூஞ்சையைத்தான் குறிக்கின்றன. இத்தனை பெயர்கள் சேர்ந்ததற்கு வெவ்வேறான இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பேரினத்தின் எல்லை மாறியது. 1900-இல் இது விவரிக்கப்பட்டபோது, குறுக்குச் சுவர்கள் கொண்ட நீண்ட கருநிற வித்துகளை உண்டாக்கும் பூஞ்சைகள் பலவும் ஹெல்மின்தோஸ்போரியத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தன. பின்னாளில் வித்துகள் முளைக்கும் விதத்தைக் கவனித்தவர்கள், சிலவற்றில் இரு முனைச் செல்களிலிருந்து மட்டுமே முளைக்குழாய் வருவதையும், வேறு சிலவற்றில் எந்தச் செல்லிலிருந்தும் வருவதையும் கண்டார்கள். முன்னவற்றுக்காக 1959-இல் பைபோலாரிஸ் என்ற பேரினம் உருவாக்கப்பட்டது. பின்னவை டிரெக்ஸ்லெராவில் நின்றன. இந்தப் பிரிவினையை எல்லோரும் உடனே ஏற்காததால், நெல்லின் பூஞ்சை சில நூல்களில் டிரெக்ஸ்லெராவாகவே இருந்துவிட்டது.

இரண்டாவது காரணம் பெயரிடல் விதியில் இருந்தது. பல பூஞ்சைகள் பாலிலா முறையிலும் பால்முறையிலும் வித்துகளை உண்டாக்குகின்றன. அந்த இரு நிலைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தோற்றத்தில், பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில் காணப்படுவதால், அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருப்பதைப் பழைய விதி அனுமதித்தது. காக்லியோபோலஸ் மியாபியானஸ் பால்நிலைக்கு உரிய பெயர். 2011-இல் மெல்போர்னில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு, ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று முடிவு செய்தது. காக்லியோபோலஸ், பைபோலாரிஸ் என்ற இரண்டு பேரினப் பெயர்களுள் காக்லியோபோலஸ்தான் மூத்தது என்றாலும், நோயியலாளர்களிடையே மிகுதியாக வழங்குவது பைபோலாரிஸ் என்பதால் அதுவே காக்கப்பட்டது. மூத்த பெயரே நிற்கும் என்ற முந்துரிமை விதியைப் பயன்பாட்டுக்காகத் தளர்த்திய இந்த முடிவு சரியானதே என்பது என் கருத்து.

கேள்வி: இலையில் ஒரே மாதிரியான புள்ளி, நுண்ணோக்கியில் ஒரே மாதிரியான வித்து; இருந்தும் டி.என்.ஏ.வைப் பார்த்துவிட்டு வேறு சிற்றினம் என்கிறார்கள். நோயைக் கையாளுபவருக்கு இதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஐரோப்பாவில் ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து மடியத் தொடங்கியபோது, அவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட பூஞ்சைக்கு 2006-இல் சலாரா ஃப்ராக்சினியா என்று பெயரிட்டார்கள். 2009-இல் அதன் பால்நிலை, உதிர்ந்த இலைக் காம்புகளில் தீங்கின்றி வாழ்வதாக அங்கே நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த ஹைமெனோசைஃபஸ் ஆல்பிடஸ் என்று கூறப்பட்டது. அது உண்மையாக இருந்திருந்தால், சாதுவான ஓர் உள்ளூர்ப் பூஞ்சை திடீரென்று ஏன் மரங்களைக் கொல்கிறது என்பதற்கே விடை தேடியிருக்க வேண்டும். மரபணுக்களை ஒப்பிட்டபோதுதான், தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றேபோன்ற இரண்டு சிற்றினங்கள் இருப்பதும், கொல்வது கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது என்பதும், அங்குள்ள மஞ்சூரிய ஆஷ் மரத்தில் அது பெரிய சேதமின்றி வாழ்வதும் தெரியவந்தன. 2014 முதல் அதன் பெயர் ஹைமெனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸ். பிறகு நுண்ணோக்கியிலும் ஒரு வேறுபாடு அகப்பட்டது: வித்துப்பைகளின் அடியில் கொக்கி போன்ற அமைப்பு ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதை டி.என்.ஏ. சொன்ன பிறகே கண்ணுக்கு அது தென்பட்டது.

ஆனால் எந்த மரபணுவைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக 2012-இல் முன்மொழியப்பட்ட, ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி பேரினம் வரை பெரும்பாலும் நன்றாகவே வழிகாட்டும். கொலெட்டோட்ரைக்கம், ஃபியூசேரியம் போன்ற பேரினங்களில் நெருங்கிய சிற்றினங்களை அது பிரித்துக் காட்டாது. ஆக்டின், பீட்டா டியூபுலின், கால்மோடுலின் முதலிய மரபணுக்களையும் சேர்த்து, அவை தனித்தனியே காட்டும் கிளைப்பிரிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: காட்டுச் செடி ஒன்றின் இலைப்புள்ளியிலிருந்து வளர்த்தெடுத்த கொலெட்டோட்ரைக்கம் எந்தப் பெயரோடும் பொருந்தவில்லை. அந்தச் செடியில் இந்தப் பேரினம் இதுவரை பதிவாகவில்லை. புதுச் சிற்றினமாக வெளியிட என்ன தேவை?

பதில்: செடி புதியது என்பதால் பூஞ்சையும் புதியது என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு சிற்றினம் என்று பெயரிட்ட பழக்கத்தால்தான் இந்தப் பேரினத்தில் சுமார் 750 பெயர்கள் குவிந்தன. 1957-இல் பூஞ்சையியலாளர் ஃபான் ஆர்க்ஸ் அவற்றை 11-ஆகச் சுருக்கினார். அதுவும் மறுகோடிக்குப் போன செயல்தான்: அவர் ஒன்றாகச் சேர்த்த கிளியோஸ்போரியாய்டிஸ் தொகுதியில் மட்டும் 2012-இல் 22 சிற்றினங்கள் ஏற்கப்பட்டன.

ஆகவே முதலில், ஒரே ஒரு வளர்ப்பை நம்பாமல், வெவ்வேறு செடிகளிலிருந்து பல ஒற்றைவித்து வளர்ப்புகளை (ஒவ்வொன்றும் ஒரே வித்திலிருந்து வளர்த்தது) எடுங்கள். ஏற்கெனவே பெயருள்ள சிற்றினங்களின் வகை மாதிரிகளிலிருந்து (பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட மாதிரிகள்) கிடைத்த டி.என்.ஏ. வரிசைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். தரவுத்தளத்தில் யாரோ இட்ட பெயரோடு ஒப்பிடுவது பழைய பிழையைப் புதுப்பிப்பதாகும். வித்துகளில் முப்பதுக்குக் குறையாமல் அளந்து, சிறுமம், பெருமம், சராசரி மூன்றையும் மைக்ரோமீட்டரில் தருவதோடு, எந்த வளர்ப்பு ஊடகத்தில், எத்தனை நாள் வளர்ந்தவை என்பதையும் எழுதுங்கள், ஏனெனில் ஊடகம் மாறினால் அளவும் மாறும். இலையில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுறுப்பின் வடிவத்தை விட்டுவிடாதீர்கள். நலமான செடியில் செலுத்தி, நோயை உண்டாக்கி, மீண்டும் அதே பூஞ்சையைப் பிரித்தெடுத்தால்தான் அது நோய்க்காரணி என்று சொல்ல முடியும்; இப்பேரினத்தில் பல, நலமான இலைக்குள்ளும் அமைதியாக வாழ்கின்றன.

விதிப்படி, ஒரு வகை மாதிரியைக் குறிப்பிட்டு, அது வைக்கப்பட்டுள்ள நிறுவனத்தின் பெயரைத் தர வேண்டும். உயிருள்ள வளர்ப்பு வகை மாதிரியாகாது. உலர்த்தியதாகவோ உறைநிலையில் செயலற்றதாகவோ இருக்க வேண்டும். விளக்கம் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ அமையலாம். 2013 முதல், மைக்கோபேங்க் போன்ற, பூஞ்சைப் பெயர்களுக்கென ஏற்கப்பட்ட களஞ்சியத்தின் பதிவு எண் இல்லாத புதுப்பெயர் செல்லாது.

கேள்வி: ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரத்தின் பெயருக்குப் பின் கூபென்சே, லைகோபெர்சிசி என்று வருபவை துணைச் சிற்றினங்களா?

பதில்: இல்லை. அவை முறையே வாழையையும் தக்காளியையும் தாக்குவதைக் குறிக்கும் சிறப்பு வடிவங்கள். கோதுமைத் துருநோய்ப் பூஞ்சையில் எரிக்சன் 1894-இல் தொடங்கிவைத்த இந்தப் பாகுபாடு எந்தச் செடியைத் தாக்குகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. பெயரிடல் விதி இதை ஆள்வதில்லை, வகை மாதிரியும் தேவையில்லை. கூபென்சே என்று அழைக்கப்படுபவை ஒரே மூதாதையிலிருந்து வந்தவையும் அல்ல. வாழையைத் தாக்கும் திறன் வெவ்வேறு கிளைகளில் காணப்படுகிறது.